ஒத்தையா, ரெட்டையா

கிளெண்டா படகுத்துறைப் பலகையில் ஒற்றைக் காலில் நின்றபடி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது கை இடுக்கில் டுவைட் இருந்தார். தண்ணீரில் போட்டால் கரைந்துபோகிற காகிதக் கலயத்தில், சாம்பலாக. வெள்ளை தீர்ந்துவிட்டது, நீலம்தான் இருக்கிறது என்று தகனக்கூடத்தில் சொன்னார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த மனுஷர், நீலம் பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் சரி என்று வாங்கிக்கொண்டாள்.

"குடும்மா இப்படி. விழுந்து வைக்கப்போற," என்றாள் மகள் ஆட்ரா.

"இருபது வருஷமா ஒத்தக் கால்ல நின்னு ஷூ கழட்டியிருக்கேன். இன்னிக்கா விழுந்துடுவேன்?"

அது உண்மைதான். வருஷா வருஷம் அக்டோபரில் அன்னாபொலிஸ் படகுக் கண்காட்சிக்கு டுவைட்டும் அவளும் போவார்கள். அங்கே எந்தப் படகில் ஏறினாலும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறி, அடுப்பைத் திருகிப் பார்ப்பார்கள், மெத்தையில் படுத்துப் பார்ப்பார்கள், யாரும் கவனிக்காதபோது கழிப்பறையில் உட்கார்ந்துகூடப் பார்ப்பார்கள். பிறகு இறங்கி ஷூவை மாட்டிக்கொண்டு, நண்டு சாண்ட்விச் தின்றுவிட்டு, வீடு வந்து சேரும் வரை காரில் சண்டை போடுவார்கள். ஒத்தையா, ரெட்டையா என்பதுதான் சண்டை.

ஒத்தை என்றால் ஒரே உடல் உள்ள பாய்மரப் படகு. காற்று பிடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டுதான் போகும். ரெட்டை என்றால் இரண்டு உடல்களுக்கு நடுவே பாலம் போட்டு, மேலே ஒரு கூடத்தையே கட்டிவிட்ட படகு. எவ்வளவு காற்றடித்தாலும் சமமாக நிற்கும். ஓய்வு பெற்றதும் ஒரு படகை வாங்கி, குளிர் தொடங்கும் முன் தெற்கே பஹாமாஸ் தீவுகளுக்குப் போய், ஒரு வருஷம் முழுக்க வெயிலில் கிடப்பது என்பது அவர்களுடைய திட்டம். முதல் வருஷம் தெரிந்தவர் ஒருவரின் ஒத்தையில் அவளை ஏற்றிக் காட்டினார் டுவைட். படகு சாய்ந்த சாய்ப்பில் கிளெண்டா உட்கார்ந்த இடத்திலிருந்து வழுக்கிப் போய் எதிர்ப்பக்கம் இடித்துக்கொண்டாள். இடுப்பு வலி அன்றைக்குப் பிடித்ததுதான். சாயாத படகு என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

டுவைட்டுக்கோ ரெட்டை என்றாலே எரிச்சல். "தண்ணியில விட்ட ட்ரெய்லர் வீடு அது. காபி சிந்தாதாம்! காபி சிந்தக் கூடாதுன்னா வீட்லயே உக்காந்து குடிக்க வேண்டியதுதான?" என்பார்.

"சாஞ்சுக்கிட்டே சமைச்சு, சாஞ்சுக்கிட்டே தூங்கறதுக்கு நான் என்ன வௌவாலா?" என்பாள் அவள்.

இப்படியே இருபது அக்டோபர் போயிற்று. பள்ளிக்கூடச் சமையலறை வேலையை அவள் முன்கூட்டியே விட்டாள். 'டென்வருக்கு வந்துடுங்க, குழந்தைங்களைப் பாத்துக்கிட்டு இருங்க' என்று ஆட்ரா எத்தனையோ தடவை கூப்பிட்டாள். 'அப்பா படகு வாங்கப்போறாரு, நாங்க எங்கடி வர்றது' என்று ஒவ்வொரு தடவையும் பெருமையாக மறுத்தாள்.

இப்போது டுவைட் கையிடுக்கில் இருந்தார். துறையில் இரண்டு படகுகளும் நின்றன.

ரெட்டை, சினேகிதத் தம்பதி ரஸ்ஸும் நோரீனும் வாங்கியது. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ரஸ் அதை அப்பழுக்கில்லாமல் வைத்திருந்தார். அதில் ஏற்கனவே ஒரு டஜன் பேர் ஏறி உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்தை, லைலின் 'வில்லா மே'. லைல், டுவைட்டின் சினேகிதன். பொண்டாட்டி விட்டுப்போன நாளிலிருந்து நன்றி நாள் விருந்துக்கு வான்கோழியின் கால் துண்டு லைலுக்கென்று கிளெண்டா எடுத்து வைப்பாள்.

"என் படகு வேணாம் கிளெண்டா," என்றான் லைல். காலையிலிருந்து மூன்றாவது தடவை. "எஞ்சின் இருமுது. உள்ள ஒரே நாத்தம். நோரீன் படகுல எல்லாரும் ஒண்ணாப் போயிரலாம். உன் இடுப்புக்கும் அதுதான் நல்லது."

"அம்மா, லைல் மாமா சொல்றதும் சரிதான," என்றாள் ஆட்ரா.

"சர்ச்சுல நான் என்ன பேசினேன்னு எல்லாரும் கேட்டீங்கல்ல? அப்புறம் எப்படி அந்த மனுஷனை ரெட்டையில ஏத்துவேன்? கடைசியா ஒரு தடவை அவரு இஷ்டப்படி போகட்டும். நானும் லைலும் ஒத்தையில. நீங்க எல்லாரும் பின்னால வாங்க."

லைல் பலகையின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், சினேகிதன் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

சர்ச்சில் அவள் பேசியது இதுதான். போன அக்டோபர் கண்காட்சியில் அவளுக்குக் கால் கடுத்துவிட்டது. ஒரு ஒத்தைப் படகின் படியில் உட்கார்ந்து, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி டுவைட், ஒத்தையே வாங்கிடு. நான் வரேன். சாஞ்சா சாயட்டும். இன்னும் எத்தனை வருஷம் இருக்கு நமக்கு?" என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. காரிலும் பேசவில்லை. இரண்டு மூன்று நாள் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறைக்கு வந்து, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சொன்னார். "யோசிச்சேன் கிளெண்டா. உன் இடுப்பு தாங்காது. ரெட்டைதான் சரி. அவசரப்படாம இன்னும் ஒரு வருஷம் நல்லதாப் பாப்போம்." கிளெண்டா குழாயை நிறுத்தாமலே அழுதாள். இருபது வருஷம் விட்டுக்கொடுக்காத மனுஷர் அவளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. சாகும் அன்றும் அதே நினைப்பில்தான் இருந்திருக்கிறார். மே மாதம் ஒரு வியாழக்கிழமை, படகுப் பட்டறையின் கார் நிறுத்துமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லைல்தான் கூட இருந்தான். "ஒரு ரெட்டை விலைக்கு வருதுன்னு பாக்க வந்தான். வெலை எவ்வளவு சொல்றாங்கன்னு கேட்டான். அவ்வளவுதான்," என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னான். கிளெண்டா அதையும் சர்ச்சில் சொன்னாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவ்வளவு பாசமா இந்த முரட்டு ஆட்களுக்கு என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

'வில்லா மே' துறையை விட்டு நகர்ந்தது. எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

வாய்க்காலைத் தாண்டி விரிகுடாவுக்குள் வந்ததும் லைல் பாயை ஏற்றினான். எஞ்சினை நிறுத்தியதும் திடீரென்று ஒரே அமைதி. படகு மெல்ல ஒரு பக்கம் படுத்தது. கிளெண்டா கலயத்தை மடியில் வைத்து, பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் கத்தவில்லை. பாத்தியா டுவைட், பொண்டாட்டி எப்படி உக்காந்திருக்கான்னு பாத்தியா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் கம்பியில் கட்டியிருந்த முடிச்சு விரலில் தட்டியது. சுருக்கு விழாத கண்ணி முடிச்சு. எல்லாரும் போடுவதுதான். ஆனால் எல்லாரும் போட்டால் கயிற்றின் நுனி கண்ணிக்கு உள்ளே நிற்கும், டுவைட் போட்டால் வெளியே நிற்கும். சின்ன வயசில் தப்பாகப் படித்து, அப்படியே கையில் ஊறிவிட்டது. பட்டறையில் அதைச் சொல்லி ஓட்டாத ஆள் கிடையாது. வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்கும் அதே முடிச்சுதான். அன்று காலைகூட அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

"இது அவரு போட்டதுதான?"

"ம்," என்றான் லைல். "பெயின்ட் அடிக்க வர்றப்ப போட்டிருப்பான்."

வியாழக்கிழமைகளில் டுவைட் பட்டறையில் லைலின் படகைச் சுரண்டி பெயின்ட் அடிக்கப் போவார். அது எத்தனையோ வருஷமாகக் கட்டைகளின் மேல் கரையில் நிற்கிறது, ஓட்டை அடைத்தால் இன்னொரு ஓட்டை வருகிறது என்று வந்து சொல்வார். "படகா அது, சல்லடையா?" என்று கிளெண்டா கேலி செய்வாள். வாரா வாரம் இரண்டு பேருக்கும் முட்டை சாண்ட்விச் கட்டிக் கொடுப்பாள். இந்த வசந்தத்தில்தான் ஒருவழியாகத் தண்ணீரில் இறங்கியதாம். அதைப் பார்க்க டுவைட்டுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். கயிறு வெயிலில் வெளுத்து, விறைத்துப் போயிருந்தது.

ஒரு காற்று பலமாக வந்தது. படகு இன்னும் சாய, மடியிலிருந்த கலயம் நழுவிற்று. இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தாள்.

"கீழ கொண்டுபோய் வெச்சுட்டு வரேன்."

"கீழ போகாத! ஒரே குப்பை. இங்க குடு, நான் புடிச்சுக்கறேன்."

"நீ சுக்கானைப் புடி லைல். உன் குப்பையை நான் பாக்காததா?"

கம்பி கம்பியாகப் பிடித்து, பின்பக்கமாகப் படி இறங்கினாள்.

குப்பை ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாற்றமும் இல்லை, காபி வாசனைதான் அடித்தது. அடுப்புக்கு மேல் தட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. கிளெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் அவள் டப்பா. "சாண்ட்விச் கொண்டுபோன டப்பா எங்க?" என்று கேட்டால், "அட, அங்கயே விட்டுட்டேன்" என்று தலையைச் சொறிவார். மூடியில் அவள் ஒட்டிய 'வியாழன்' என்ற நாடாகூட அப்படியே இருந்தது. உள்ளே திருகாணி, ஊசி, பருப்பு வகை, தேயிலை.

கலயம் உருளாமல் வைக்க ஓர் இடம் தேடினாள். பக்கவாட்டில் ஒரு படுக்கை இருந்தது. மெத்தை விளிம்பிலிருந்து கூரை வரை ஒரு துணியை நிறுத்திக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்குப் பின்னால் வைத்தால் விழாது. சாய்ந்துபோய்க் கலயத்தை உள்ளே வைத்தாள். தலையணையை முட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் துணியைப் பார்த்தாள்.

மஞ்சள் துணி. எலுமிச்சம்பழமும் பச்சை இலையும் அச்சடித்தது.

அவள் சமையலறை ஜன்னலுக்கு அவளே தைத்த திரை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது கழற்றி வைத்தது, பிறகு காணாமல் போனது. தேடித் தேடிப் பார்த்தாள். "பழைய துணின்னு தர்மக் கடையில போட்டுட்டேனே," என்றார் டுவைட். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள் அவரோடு. அது இங்கே தொங்குகிறது. மேலே இரண்டு கண்ணி, இரண்டு முடிச்சு. கயிற்று நுனி இரண்டும் வெளியே நின்றன.

அதுகூடப் பரவாயில்லை. சினேகிதன் படகுக்குப் பொண்டாட்டியின் திரையைத் திருடிக் கொடுத்தார் என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தத் துணி எதற்குக் கட்டுவது என்று கிளெண்டாவுக்குத் தெரியும். கண்காட்சியில் ஒத்தைப் படகுகளில் பார்த்து, இது என்ன தூளியா என்று கேட்டிருக்கிறாள். "நெடுந்தூரம் போறப்ப, ராத்திரி ஒருத்தன் ஓட்டுவான், ஒருத்தன் தூங்குவான். படகு சாயும்ல? தூங்கறவன் உருண்டு விழாம இருக்கத்தான் இது," என்று சொன்னதே டுவைட்தான்.

கட்டையின் மேல் அசையாமல் நிற்கிற படகில் தூங்குகிறவன் எங்கே உருண்டு விழப்போகிறான்?

துணியின் நடுப்பகுதியைத் தொட்டாள். ஒரு முதுகு சாய்ந்து சாய்ந்து அந்த இடத்தில் எலுமிச்சம்பழங்கள் தேய்ந்து வெளுத்திருந்தன.

அடிப்பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். வேறு யாரைச் சொல்வது?

பிறகு முடிச்சுகளை அவிழ்த்தாள். எவ்வளவு பாரம் இழுத்தாலும் அவிழ்க்கும்போது சுலபமாக அவிழும், அதுதான் இந்த முடிச்சின் அழகு என்பார். சுலபமாகத்தான் அவிழ்ந்தது. திரையைக் கலயத்தின்மேல் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

லைல் திரையைப் பார்த்தான். உடனே பாயைப் பார்த்தான்.

"பாய் எங்கயும் ஓடிப்போகாது லைல். என்னைப் பாரு. பெயின்ட் எந்த வருஷம் அடிச்சு முடிச்சீங்க?"

"கிளெண்டா, இன்னிக்கு வேணாமே."

"இன்னிக்கு விட்டா என்னிக்கு? ஆள் என் மடியிலதான் இருக்கான். அவனும் கேக்கட்டும்."

லைலின் கை சுக்கான் தடியை இறுக்கிப் பிடித்தது.

"பாதி அவனோடது," என்றான். "வாங்கறப்பவே பாதி பாதி."

"எப்ப வாங்கினீங்க?"

"ஆட்ரா கல்யாணம் ஆச்சே, அந்த வருஷம்."

ஆட்ராவின் மூத்த பெண் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கிளெண்டா தண்ணீரைப் பார்த்தாள். பின்னால் கொஞ்ச தூரத்தில் ரெட்டைப் படகு வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து யாரோ கை ஆட்டினார்கள். இவளும் ஆட்டினாள்.

"அப்ப கரையில நின்னுச்சே, ஓட்டை ஓட்டைன்னு..."

"ஒரே ஒரு குளிர்காலம்தான் நின்னுச்சு."

"நவம்பர்ல டென்னசிக்கு மான் வேட்டைக்குப் போவீங்களே ரெண்டு பேரும். ஒரு வருஷம்கூட ஒரு மான் வீட்டுக்கு வரலையே, குறி தப்பிருச்சு, குறி தப்பிருச்சுன்னு..."

"தெக்க போவோம். கரோலைனா வரைக்கும். ஒரு வருஷம் பெர்முடா தீவு வரைக்கும்."

பெர்முடா. ஒரு நவம்பரில் அவர் மூக்கு தோலுரிந்து, முகமெல்லாம் கருத்து வந்து நின்றார். காட்டில் இவ்வளவு வெயிலா என்று கேட்டுக்கொண்டே கற்றாழை தடவிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுகமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பட்டறையில எல்லாருக்கும் தெரியும், இல்லையா?"

லைல் தலையசைத்தான். தலைகுனிந்த பின்வரிசை அவள் கண்முன் வந்தது. பாசம் என்று நினைத்தாளே! ஊரே சேர்ந்து அவளை வைத்துச் சிரித்திருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை நினைத்தபோது காது மடல் சுட்டது.

"நான் என்ன பண்ணேன் லைல்? என்னை விட்டுட்டுப் போற அளவுக்கு நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. சத்தியமா. உன்னப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல அவன். உன் சாண்ட்விச்சைப் பாதி எனக்குக் குடுக்கறதுக்கே யோசிப்பான்." லைல் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "தண்ணிக்கு வந்துட்டா பேசவே மாட்டான். என்னோடயும்தான். சும்மா ஓட்டிக்கிட்டே இருப்பான். 'இது ஒண்ணு எனக்குன்னு இருந்துட்டுப் போகட்டும் லைல்'னு சொல்லுவான். வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குடா கண்காட்சி? வருஷா வருஷம் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப்போயி, இந்த மெத்தையில படு, அந்த மெத்தையில படுன்னு?"

"உனக்கு அது சந்தோஷமா இருந்துச்சே. ஒத்தை, ரெட்டைன்னு சண்டை இருக்கற வரைக்கும் எதையும் வாங்க வேண்டியதில்லன்னு... அப்படியே ஓடிருச்சு."

கிளெண்டாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கேட்கவே வேண்டாம் என்று தோன்றியது. கேட்காமல் வீட்டுக்குப் போனால் அந்தச் சமையலறையில் இனி நிற்க முடியாது என்றும் தோன்றியது.

"போன அக்டோபர்ல நான் சரின்னு சொன்னேனே."

லைல் முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அந்த வியாழக்கிழமை வந்தான். 'அவ சரின்னுட்டா லைல், இப்ப என்னடா பண்றது'ன்னான். வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. நான்தான் சொன்னேன். நீ ரெட்டை பக்கம் தாவிரு, இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு. தமாஷாத்தான் சொன்னேன் கிளெண்டா. அவன் நெஜமாவே போயி சொல்லுவான்னு நான் நினைக்கல."

"பாத்திரம் கழுவிட்டே அழுதேன்டா நான்," என்றாள். "உன் தமாஷுக்கு."

அவன் சுக்கான் தடியை இடது கைக்கு மாற்றினான்.

"விலைக்கு வந்த ரெட்டை?"

"அப்படி ஒண்ணு இல்ல. உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு..."

"செத்தது எங்க?"

லைல் வலது கையை மட்டும் தூக்கிக் காட்டினான். தூரத்தில் கலங்கரை விளக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. "அதுக்கு அந்தப் பக்கம். தடி அவன் கையிலதான் இருந்துச்சு. 'நல்ல காத்து'ன்னான். திரும்பிப் பாத்தா சாஞ்சு கெடக்கான். கரைக்குக் கொண்டுவந்து சேத்தேன்."

"நல்ல காத்து," என்று திருப்பிச் சொன்னாள் கிளெண்டா.

காற்று நன்றாகத்தான் இருந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் விளிம்பை நக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஓடிற்று. எவ்வளவு நேரமாகச் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தாள். பயமே இல்லை. இவ்வளவுதானா இது? இதற்கா இருபது வருஷம்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'நீ வராத, நான் தனியாப் போயிட்டு வரேன்' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், அப்புறம் அதே சாண்ட்விச்சைக் கட்டிக் கொடுத்திருப்பாள். அவள் டென்வருக்குப் போயிருப்பாள். பேத்திகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பாள்.

"நோரீனைக் கூப்பிடு. பக்கத்துல வரச் சொல்லு," என்றாள்.

"இங்கயே கலக்கப்போறதில்லையா? கலங்கரை விளக்கத்துக்கிட்டப் போயிரலாம். அவனுக்குப் பிடிச்ச எடம்..."

"அவனுக்குப் பிடிச்சதெல்லாம் நடந்தாச்சு. கூப்பிடு."

லைல் பாயை இறக்கினான். ரெட்டைப் படகு தயங்கித் தயங்கி அருகே வந்தது. இரண்டும் இடித்துக்கொள்ளாமல் இருக்க 'வில்லா மே'யின் பக்கவாட்டில் ரப்பர் உருளைகளைத் தொங்கவிட்டான். அவற்றைக் கட்டியிருந்த முடிச்சுகளிலும் நுனி வெளியேதான் நின்றது. ரஸ் கை நீட்டினார். கிளெண்டா திரை சுற்றிய கலயத்தை முதலில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?" ஆட்ரா ஓடி வந்தாள். "பயந்துட்டியா? நான் அப்பவே சொன்னேன்ல?"

மகளின் முகத்தில் டுவைட்டின் நெற்றி அப்படியே இருந்தது. அப்பா செத்து மூன்று வாரம்கூட ஆகாத முகம்.

"ஆமாடி," என்றாள் கிளெண்டா. "ரொம்ப சாயுது."

"பாவம், நடுங்கிப்போயிட்டா. உக்காரு கண்ணு, உக்காரு," என்று நோரீன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நடுவில் பெரிய சாப்பாட்டு மேசை. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தட்டுகளை நகர்த்தி இடம் விட்டார்கள். கிளெண்டா திரையை உதறி மேசையில் விரித்தாள். சுருக்கம் நீக்கி, நான்கு மூலையையும் இழுத்துவிட்டாள். அதன் நடுவே நீலக் கலயத்தை வைத்தாள்.

"அட, எலுமிச்சம்பழம்! எவ்வளவு அழகா இருக்கு. எங்க வாங்கினே?" என்றாள் நோரீன்.

"நான் தைச்சது. வீட்ல காணாமப் போயிருந்துச்சு. இன்னிக்குத்தான் கெடைச்சுது."

நோரீன் விளிம்பு வரை ஜூஸ் ஊற்றிய கண்ணாடி டம்ளரைக் கலயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சர்ச்சில் எல்லாரையும் போல அவளும் அந்தக் கதையைக் கேட்டு அழுதவள்தான். "பாரேன், ஒரு சொட்டு சிந்தல. இதைத்தான டுவைட் உனக்காக வாங்கணும்னு நினைச்சாரு," என்றாள்.

கிளெண்டா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே நிறுத்தவா கிளெண்டா?" சக்கரத்தைப் பிடித்தபடி ரஸ் கேட்டார். "நல்ல எடமாத்தான் இருக்கு. எல்லாரும் தயார்."

"வேணாம். இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."

"எவ்வளவு தூரம்?"

"தெக்க, பஹாமாஸ் பக்கம்," என்றாள் கிளெண்டா. "டீசல் எவ்வளவு இருக்கு ரஸ்?"

ரஸ் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டீசல் முள்ளைப் பார்த்து, "முழுசா இருக்கு," என்றார். பின்னால் 'வில்லா மே' பாய் இல்லாமல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. ரெட்டைப் படகு தெற்கே திரும்பிற்று. மேசையில் கலயம் இம்மியும் நகரவில்லை. பக்கத்தில் டம்ளர் விளிம்பு வரை நிறைந்து, சமமாக நின்றது.